வாசலை விடப் பெரிய பந்து

வலது கைக் கட்டைவிரல் கயிற்றுக்கு அடியில் புகுந்து ஒரு சிறு துளையைத் திறந்தது. இடது கை அதற்குள் மரமுளையைச் செருகி, ஒரு திருகு திருகி, இடம் பண்ணியது. கயிற்றின் நுனி உள்ளே போய் மறுபக்கம் தலை காட்டியதும் இரண்டு கைகளும் சேர்ந்து இழுத்தன. முழங்காலைப் பந்தில் ஊன்றி, பல்லைக் கடித்து, இன்னும் ஒரு இழுப்பு. பந்து கிர்ரென்று முனகியது. கைகள் அதற்கும் இரங்கவில்லை. இனி ஒரு மயிரிழைகூட வராது என்று தெரிந்த பிறகும் ஒரு மயிரிழை வந்தது. அதற்குப் பிறகுதான் கத்தி எழுந்து மிச்ச நுனியை வெட்டியது.

வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமை மதியம், ஜனவரி மூன்றாம் தேதி. திர்சா காப்லி விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, தன் வாழ்நாளிலேயே மிகப் பெரிய ஃபெண்டரைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். நடந்தாள் என்பது பேச்சுக்குத்தான். அவள் குடியிருக்கும் படகின் உள்ளகலம் ஆறடிதான். ஒரு பக்கம் கரியடுப்பு, மறுபக்கம் மேசை, நடுவில் கூரைக் கொக்கியிலிருந்து தொங்கும் கயிற்றுப் பந்து. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நழுவித்தான் சுற்றி வந்தாள்.

படகின் மூக்கில் தொங்கி, கரையிலும் மதகுக் கதவிலும் மோதும்போது அடியையெல்லாம் தான் வாங்கிக்கொள்ளும் பந்துதான் ஃபெண்டர். அதைக் கட்ட திர்சாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இங்கிலாந்தின் லூட்டன் நகரில் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் மெத்தைகளுக்கு ஓரம் தைத்தவள் அவள். புருஷன் கிளிஃபோர்டோடு ஒரு வார விடுமுறைக்கு வாடகைப் படகில் போனாள். ஏழாம் நாள் கிளிஃபோர்ட் இறங்கினார், திர்சா இறங்கவில்லை. இப்போது அவர் கடலோரத்தில் நிஜ மாடிப்படி வைத்த வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கேக் அனுப்புகிறார். திர்சா 'மேக்பை' என்ற ஐம்பதடிப் படகில் பத்தொன்பது குளிர்காலத்தைக் கழித்துவிட்டாள். முதல் குளிர்காலத்தில் கால்வாய்க்குள் கிடந்த ஒரு பழைய ஃபெண்டரைக் கழியால் தூக்கி எடுத்து, அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கையும் அளந்து பள்ளிக்கூட நோட்டில் எழுதினாள். திரும்பக் கட்டினாள். பிரித்தாள். பதினோராவது தடவை கட்டியதுதான் அவளுக்கே பிடித்தது.

அன்றிலிருந்து அவள் எதையும் இரண்டு தடவை அளக்காமல் விட்டதில்லை. அளந்த பிறகு முறுக்கிக் கட்டுவாள். இந்தப் பக்கத்துப் படகுகளில் பாதிக்கு மேல் அவள் கட்டிய பந்துதான் தொங்குகிறது. அவள் மிகவும் ஆசைப்பட்ட ஒரு படகில் மட்டும் தொங்கவில்லை. அது ரூபன் ஹாம்பிரிட்ஜின் கரிப்படகு.

எழுபதடி நீளத்துக்குக் கரி மூட்டையும் டீசலும் எரிவாயு உருளையுமாக, பதினைந்து நாளுக்கு ஒரு தரம் கால்வாய் நெடுக வந்து போகும் படகு அது. குளிர்காலத்தில் அது வரும் சத்தம் கேட்டால் எல்லாக் கதவுகளும் திறக்கும். ரூபன் படகிலேயே பிறந்தவர். வயது எழுபத்தொன்று. இறங்கி நடந்தால்தான் அவருக்குத் தலை சுற்றும். பெண்கள் எல்லாரையும் அந்தப் பக்கத்து வழக்கப்படி 'வாத்தே' என்றுதான் கூப்பிடுவார். திர்சாவுக்குக் கரி மூட்டையை இறக்கி வைக்கும் ஒவ்வொரு தடவையும் கூரைமேல் காயும் அவளுடைய ஃபெண்டர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நாய் படுக்க நல்லா இருக்கும், வாத்தே," என்பார். பத்தொன்பது வருஷமும் அதே வார்த்தை. அதற்குத் தோதாக அவளுடைய நாய் கிளிங்கரும் அந்த நேரம் பார்த்து அதில்தான் படுத்திருக்கும்.

போன கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், ரூபன் கடையில் வாங்கியிருந்த ஃபெண்டர் ஒரு மதகுக் கதவில் மாட்டிப் பிய்ந்து தண்ணீருக்குள் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து, கரி இறக்குகிறவர் இறக்காமல் நின்றார். தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். பிறகு தண்ணீர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். படகுகளை மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்கு இறக்கிவிடும் ஃபென்னிமோர் மதகை ஆறாம் தேதி திங்கட்கிழமை மூடுகிறார்கள், கதவு மாற்ற எட்டு வாரம் ஆகும். அதற்கு முன்னால் அவர் கீழே போயாக வேண்டும். வெறும் மூக்கோடு மதகுக்குள் நுழைய அவருக்கு மனசில்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு வருவார். இருபது அங்குலத்தில் ஒன்று இருந்தால் பார்ப்பார். பார்த்துப் பிடித்தால் மாட்டுவார். பிடிக்காவிட்டால் கீழே கடையில் ஒன்று வாங்கிக்கொள்வார்.

திர்சா சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவர் படகு வளைவைத் தாண்டிய பிறகு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கிளிங்கரின் முன்னங்கால் இரண்டையும் பிடித்து ஒரு நடனம் ஆடினாள். அந்தப் படகின் மூக்கில் தொங்குவதை நூறு மைல் கால்வாயும் பார்க்கும்.

வழக்கமாகக் கரையில் ஒரு ஓக் மரக்கிளையில் தொங்கவிட்டுத்தான் கட்டுவாள். இந்தத் தடவை குளிர் விடவில்லை. வாத்துகள் தண்ணீரில் இறங்க வந்து, பனிக்கட்டிமேல் பிட்டத்தால் வழுக்கிக்கொண்டு போயின. குடிநீர்க் குழாய்க்குக் கெட்டிலில் வெந்நீர் கொண்டுபோய் ஊற்றி அதைத் தாஜா பண்ண வேண்டியிருந்தது. கழிவறைப் பெட்டியை எல்லாரும் குழந்தைகளின் பனிச்சறுக்குப் பலகையில் கட்டி, ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி இழுத்துக்கொண்டு போனார்கள். கயிறு விறகாய் விறைத்தது. அதனால் திர்சா வேலையை உள்ளே, அடுப்புப் பக்கம் கொண்டுவந்தாள்.

பழைய டயரும் கந்தல் கயிறும் சேர்ந்த கரு, அதன்மேல் அடுக்கு, அதன்மேல் பின்னல். புத்தாண்டன்று பந்து கச்சிதமாக இருபது அங்குலம் இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். கிளிங்கர் வந்து அதை முகர்ந்து, அதன்மேல் முகத்தை வைத்து, கண்ணை மூடியது. திர்சாவின் காதில் ரூபனின் குரல் கேட்டது. இன்னொரு அடுக்கு போட்டாள். சுற்றிலும் இரண்டு அங்குலம். எந்தப் பக்கம் அளந்தாலும் இருபத்துநாலு. நோட்டில் அதை எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தாள்.

இப்போது, வெள்ளிக்கிழமை மதியம், பந்தைக் கொக்கியிலிருந்து இறக்கி முன்வாசல் வரைக்கும் உருட்டினாள். ஒரு ஆள் எடை இருந்தது. வாசலில் முட்டி நின்றது. கொஞ்சம் திருப்பினாள். முட்டியது. வேறு பக்கமாகத் திருப்பினாள். உருண்டைக்கு ஏது வேறு பக்கம்? நாடாவை எடுத்து, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தன் வாசலை அளந்தாள்.

இருபத்திரண்டு.

இரண்டாவது தடவையும் அளந்தாள். வாசல் வளரவில்லை. பின்வாசல் இதைவிடக் குறுகல். திர்சா பந்தின்மேலேயே உட்கார்ந்தாள். அழுகைதான் வரும் என்று நினைத்தாள். வெளியே வந்ததோ சிரிப்பு.

அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் பின்னால் கட்டியிருந்த படகிலிருந்து ஆல்வின் வந்தார். முப்பத்தைந்து வருஷம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பின்னால் முன்படகு நெரிஸ், தலையில் துண்டோடு. நெரிஸ் மருத்துவச்சி, வேல்ஸ்காரி. பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் ஒரு பிரசவம் முடித்துத் திரும்பியிருந்தாள்.

ஆல்வின் பந்தைத் தட்டிப் பார்த்தார். "முப்பத்தஞ்சு வருஷத்துல நான் உள்ள தள்ளாத பார்சல் கெடையாது."

"இது வெளிய வரணும்," என்றாள் நெரிஸ். "அது என் டிபார்ட்மென்ட். தள்ளுங்க."

அவள் முன்தளத்தில் மண்டி போட்டாள். திர்சாவும் ஆல்வினும் உள்ளேயிருந்து தோள் கொடுத்தார்கள். நெரிஸ் பாத்திரம் கழுவும் சோப்பை வாசல் சட்டம் முழுக்க ஊற்றினாள். மூச்சை இழுத்து விடச் சொன்னாள். ஆல்வினும் இழுத்து விட்டார், அவர் மூக்குக் கண்ணாடி மூடுபனியாகிவிட்டது. பந்து கொஞ்சம் நகர்ந்தது.

"தலை தெரியுது," என்று அறிவித்தாள் நெரிஸ்.

அதோடு நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. வாசலில் தக்கையாய் அடைத்துக்கொண்டது. வெளியே நெரிஸும் கிளிங்கரும், உள்ளே மற்ற இரண்டு பேரும். சோப்பு நுரை விளிம்பில் உறைய ஆரம்பித்தது. கடையில் வாங்கின பந்தாக இருந்தால் இதற்குள் நசுங்கி வழுக்கிப் போயிருக்கும் என்றார் ஆல்வின். அவர் முழு எடையையும் போட்டுத் தொங்கியும் இது அரை அங்குலம்கூட அமுங்கவில்லை. அவ்வளவு அவமானத்துக்கு நடுவிலும் திர்சாவுக்கு உள்ளுக்குள் ஒரு பூரிப்பு.

"கொஞ்சம் தளர்வாக் கட்டியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார் ஆல்வின்.

"கூடாது," என்றாள் திர்சா.

நெரிஸ் வெளியிலிருந்து இரண்டு காலாலும் உதைக்க, பந்து பொதுக்கென்று உள்ளே திரும்பி ஆல்வினின் மடியில் உட்கார்ந்தது. பிறகு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, கிளிஃபோர்டின் கேக்கைத் தின்றுகொண்டே யோசித்தார்கள். வெளி அடுக்கைப் பிரித்துக் கட்ட மூன்று நாள் வேண்டும். வாசல் சட்டம் இரும்பு, படகின் உடம்போடு பற்றவைத்தது. கரைப் பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் தட்டு அளவு வட்டங்கள். தண்ணீர்ப் பக்கம் மட்டும் ஒரு பெரிய ஜன்னல் உண்டு. திர்சா எழுந்து போய் அளந்தாள். நீளம் மூன்றடி, உயரம் இருபத்தாறு. சட்டத்தோடு கழற்றினால் பந்து போகும். ஆனால் போய் விழுவது கால்வாயின் நடுவில். படகைத் திருப்பிக் கட்டலாம் என்றால் சுற்றிலும் இரண்டு அங்குலப் பனிக்கட்டி.

"அந்தப் பக்கம் யாராவது படகுல வந்து வாங்கணும்," என்றார் ஆல்வின்.

இந்தப் பனியை உடைத்துக்கொண்டு வரக்கூடிய படகு அந்தப் பக்கத்தில் ஒன்றுதான் உண்டு. அதற்காகக் கட்டிய பந்துதான் இது.

திர்சா தொலைபேசியை எடுத்துக்கொண்டு கட்டிலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். மெல்லிய பலகைக் கதவு, மற்ற இருவருக்கும் எல்லாம் கேட்டது. ரூபன் மூன்று மைல் தள்ளிக் கட்டியிருந்தார். நடந்ததை அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"வாசலை அளக்கலையா?" என்றார் ரூபன்.

"இல்ல."

"பத்தொம்பது வருஷமா அது வழியாத்தானே போய் வர்ற, வாத்தே?"

"ஆமா."

குளிரில் கிளம்ப மறுக்கும் எஞ்சின் மாதிரி ஒரு சத்தம் வந்தது. விட்டு விட்டு வந்தது, பிறகு முழுசாகப் பிடித்துக்கொண்டது. ரூபன் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார், இருமி முடித்து மறுபடி சிரித்தார். திர்சா காதிலிருந்து கருவியை எடுக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"எந்த ஜன்னல்?" என்றார்.

"தண்ணிப் பக்கம்."

"பனி கெட்டியா இருக்கு. பனியில சுக்கான் பேச்சைக் கேக்காது."

"தெரியும்."

"என் மூக்குல ஒண்ணுமில்ல."

"தெரியும், ரூபன்."

"வர்றேன். மாட்டறேன்னு சொல்லல. பாக்க வர்றேன்னுதான் சொன்னேன்."

சனிக்கிழமை வெயில் வந்தது. சூடு இல்லாத வெயில், ஆனால் பனிக்கட்டிமேல் பட்டு எல்லார் முகத்தையும் கீழேயிருந்து வெளிச்சமாக்கியது. ஜன்னலில் இருபத்தெட்டுத் திருகாணி. உறைந்துபோன பசையைக் கெட்டில் வெந்நீரால் இளக்கி ஒவ்வொன்றாகக் கழற்றினாள் திர்சா. சட்டம் கையோடு வந்ததும் குளிர் உள்ளே பாய்ந்து வந்து அடுப்பெதிரில் உட்கார்ந்துகொண்டது. அவள் இரண்டு கம்பளிச் சட்டையும் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு தன் சொந்த மேசைமேல் நின்றாள்.

ஆல்வின் கூரைமேல் சாம்பல் தூவி, அதன்மேல் கால் பரப்பி உட்கார்ந்தார். பந்தில் கட்டிய கயிறு ஜன்னல் வழியாக வெளியே போய், கூரையைத் தாண்டி, மறுபக்கக் கைப்பிடிக் கம்பியில் ஒரு சுற்று சுற்றி அவர் கைக்கு வந்தது. நெரிஸ் கழியோடு முன்தளத்தில் நின்றாள். அவள் சொல்லச் சொல்ல திர்சா தள்ள, இந்தத் தடவை தலையும் வந்தது, தோளும் வந்தது. பந்து வெளியே போய்ப் படகின் பக்கவாட்டில் கூரைக் கயிற்றில் தொங்கி ஆடியது.

"சுகப்பிரசவம்," என்றாள் நெரிஸ்.

ஒன்பதரைக்கே சத்தம் கேட்டது. கண்ணாடிக் கடையை யாரோ தரதரவென்று இழுத்து வருவது மாதிரி. பிறகு வளைவில் கரிப்படகின் வெறும் மூக்கு தெரிந்தது. அதன் முன்னால் பனிக்கட்டிப் பாளங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் புரண்டன. எழுபதடிக்குப் பின்னால், சுக்கானருகே, தட்டைத் தொப்பி. திட்டம் எளிமையானது. ரூபன் நடுவிலேயே வந்து, மெதுவாகப் பக்கத்தோடு பக்கம் அணைய வேண்டும். ஆல்வின் கயிற்றை விட, பந்து கரி மூட்டைமேல் இறங்கும். அவ்வளவுதான்.

முப்பதடி இருக்கும்போது ஒரு பெரிய பாளம் உடையாமல் நின்றது. கரிப்படகின் மூக்கு அதன் விளிம்பில் ஏறி, வழுக்கி, இந்தப் பக்கமாகத் திரும்பியது. ரூபன் சுக்கானை முழுசாகத் தள்ளிவிட்டார், எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டார். தண்ணீர் கொதித்தது. படகு கேட்கவில்லை. இருபது டன் இரும்பும் கரியும், நடக்கிற வேகத்தில், நேராகத் திர்சாவின் திறந்த ஜன்னலைப் பார்த்து வந்தது.

"உள்ள போ," என்று தூரத்திலிருந்து ரூபனின் குரல் வந்தது.

திர்சா போகவில்லை. கண்ணாலேயே அளந்தாள். மூக்கு வந்து இடிக்கப்போவது ஜன்னலின் பின்னோரத்தில். பந்து தொங்குவது முன்னோரத்தில், அதுவும் மூக்கைவிட ஒரு சாண் மேலே.

"ஆல்வின், ஒரு சாண் விடுங்க."

கயிறு ஒரு சாண் இறங்கியது. அவள் மேசையில் உட்கார்ந்து, பூட்ஸ் கால் இரண்டையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பந்தை உள்ளங்காலால் பின்னோக்கித் தள்ளினாள். பந்து நகர்ந்தது, தயங்கியது, இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. "தள்ளு, தள்ளு," என்றாள் நெரிஸ், பழக்கதோஷத்தில். திர்சா காலை உள்ளே இழுக்கவும் மூக்கு பந்தில் முட்டவும் சரியாக இருந்தது.

கிர்ரென்று ஒரு முனகல். அது திர்சாவுக்குத் தெரிந்த முனகல்தான். 'மேக்பை' மெதுவாகக் கரைப்பக்கம் சாய்ந்தது. மேசையில் இருந்த தேநீர்க் கெண்டி விளிம்புவரை நடந்து போய், யோசித்து, படகு நிமிர்ந்ததும் நடந்து திரும்பி வந்தது. மிச்ச கேக் மட்டும் கீழே விழுந்தது. அதைக் கிளிங்கர் பார்த்துக்கொண்டது. கூரைமேல் ஆல்வின் குப்புறப் படுத்திருந்தார், கயிறு மட்டும் கையில் இருந்தது. அப்புறம் எஞ்சின் நின்றது. உடைந்த பனித்துண்டுகள் இரண்டு படகுக்கும் நடுவில் கிணுகிணுவென்று மோதிக்கொண்டிருந்தன.

ரூபன் கரி மூட்டைகளுக்கு மேலே பலகை வழியாக நடந்து வந்தார். எழுபது அடியையும் அவசரமில்லாமல் நடந்தார். முன்தளத்தில் வயிறு படப் படுத்து, முதலில் தன் படகின் மூக்கைப் பார்த்தார். பிறகு திர்சாவின் சுவரைப் பார்த்தார், பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லை. பிறகுதான் பந்தைப் பார்த்தார். கட்டைவிரலால் அழுத்தினார். கட்டைவிரல்தான் வளைந்தது. ஒரு பின்னலுக்குள் நகத்தைச் செருகப் பார்த்தார். நகம் போகவில்லை. அடுத்ததில் பார்த்தார். அதிலும் போகவில்லை. திர்சா ஜன்னலில் முழங்கையை ஊன்றிக் காத்திருந்தாள். அவர் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் நடுவில் பந்துதான் இருந்தது.

"கடைப் பந்தா இருந்தா," என்றார் ரூபன், "இந்நேரம் நான் உன் அடுப்புல கை காஞ்சுக்கிட்டு இருப்பேன்."

வாயைத் திறந்தால் நேற்றைய சிரிப்பு வந்துவிடும் என்று திர்சா பயந்தாள்.

"சங்கிலியை எடு," என்றார்.

பந்துக்குள் கோத்திருந்த மூன்று சங்கிலி, நுனிகள் இன்னும் ஜன்னலுக்கு உள்ளேதான் கிடந்தன. அவள் ஒவ்வொன்றின் நுனியையும் ஜன்னல் வழியாக நீட்ட, அவர் அதைத் தன் படகு மூக்கிலிருந்த வளையத்தில் மாட்டி ஆணியைத் திருகினார். இரண்டாவது ஆணி திருகும்போது கிளிங்கர் மேசைமேல் ஏறி, திர்சாவின் கைக்கு அடியில் தலையை நுழைத்து, எட்டு நாள் படுத்துப் பழகிய பந்தையும் ரூபனையும் மாறி மாறிப் பார்த்தது. ரூபனும் அதைப் பார்த்தார். அவர் தாடை கொஞ்ச நேரம் ஆடியது.

"அதுக்கு வேற ஒண்ணு கட்டிக் குடு, வாத்தே," என்றார். "முதல்ல வாசலை அளந்துட்டு."

மூன்றாவது ஆணியும் இறுகியது. திர்சா கூரையைப் பார்த்து ஆல்வினைக் கயிற்றைத் தளர்த்தச் சொன்னாள். பந்தில் கட்டியிருந்த முடிச்சைத் தானே அவிழ்த்து, இரண்டு கையாலும் பந்தை ஒரு தள்ளு தள்ளி ரூபன் பக்கம் விட்டாள்.